மனுதாரரின் கோரிக்கை தெளிவாக இல்லை

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி ஓர் அரசு அலுவலகம் எனக்கு எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்துக்கு எண் இருக்கிறது, நாள் இருக்கிறது, வட்ட முத்திரை இருக்கிறது. கதை என்ற சொல்லை மட்டும் அவர்கள் எழுதவில்லை. கடிதம் ஐந்தாம் பகுதியில் வரும். அதற்கு முன்னால் வர வேண்டியவற்றை முன்னால் சொல்லிவிடுகிறேன். வரிசை கலைந்தால் எனக்குக் கை ஓடாது.

என் பெயர் ஹெலன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறேன். ஷூவின் மேல்பாகம் தைத்து வரும். அதைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டிருந்தாலோ தோலில் வடு இருந்தாலோ குறி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். தப்பு கண்டுபிடிப்பதுதான் வேலை. சாயங்காலம் வகுப்புக்குப் போவேன். வகுப்பில் படித்ததை டைரியில் எழுதுவேன். இந்தக் கதையும் அதே டைரியில்தான் எழுதப்படுகிறது. டைரி எழுதுகிறவளுக்குக் கதை எழுத வருமா என்று தெரியவில்லை. தொடக்கத்தை மட்டும் மூன்று முறை எழுதினேன்.

(அ) பாலாற்றங்கரை நகரமான ஆம்பூரில் — பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

(ஆ) ஆட்சி என்பது ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்பது. ஆனால் சொல்ல வேண்டியவர் சொல்லாமலே — இது கட்டுரைப் போட்டி இல்லை. அடித்துவிட்டேன்.

(இ) முதல் நாள் மாடி ஏறி வந்தபோது அவன் நகங்களில் கறுப்புச் சாயம் ஒட்டியிருந்தது. அதை மறைக்க அவன்

மூன்றாவதை அடிக்கவில்லை. முடிக்கவும் முடியவில்லை.

2

எங்கள் வகுப்புக்கு ஆசிரியர் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஷூவுக்கு அடிப்பாகம் விற்கும் ஒரு கடையின் மாடி. கீழேயிருந்து பசை வாசனை ஏறி வரும். ஆறரை முதல் எட்டரை வரை. குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிற பதினோரு பேர், பெரும்பாலும் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள்.

தினமும் பத்து ஆட்சிச் சொற்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் ஆங்கிலச் சொல்லைக் கேட்பார், மற்றவர் தமிழில் சொல்ல வேண்டும். மெமோ என்றால் குறிப்பாணை. சர்க்குலர் என்றால் சுற்றறிக்கை. கெஜட் என்றால் அரசிதழ். தப்பாகச் சொன்னால் தண்டனை உண்டு: அந்தச் சொல்லை வைத்து, தன் வாழ்க்கையில் உண்மையாக நடந்த ஒன்றை ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். புத்தக வாக்கியம் செல்லாது.

இந்த விதியைப் போட்டவள் அஃப்ஷா. "சொந்தக் கதையில மாட்டுன வார்த்தை மறக்கவே மறக்காதுடீ" என்றாள். அவளை யாரும் தலைவியாக்கவில்லை. மாடிச் சாவி அவளிடம் இருந்தது. அரசு உருவாவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஜோடியாக வந்தவன் ஜான்சன்.

[திருத்தம். அவன் பெயர் ஜான்சன் இல்லை. அம்மா இந்த டைரியைத் திறந்தால் ஜான்சன் என்ற பெயருக்குப் பாதிக் கோபம்தான் வரும் என்று அப்படி எழுதினேன். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். ஜான்சன் எல்லாக் கேள்விக்கும் சரியாகவே பதில் சொல்கிறான். அவனை வைத்துக்கொண்டு இந்தக் கதையை நகர்த்த முடியாது.]

எனக்கு ஜோடியாக வந்தவன் தமிழ்வேந்தன். வேறொரு கம்பெனியில் கட்டிங் பிரிவு. தினமும் பத்தில் மூன்று சொற்களைத் தப்பாகச் சொல்வான்.

3

நான் கேட்பேன்: "ஆர்டினன்ஸ்?"

"அவசர ஆணை."

"தப்பு. அவசரச் சட்டம். வாக்கியம் சொல்லுங்க."

"எங்கத் தெருவுல மோட்டார் புகைஞ்சு போச்சு மேடம். ஆளுக்கு அரை பக்கெட்டுதான், தலைக்கு ஊத்துனா வெளிய போன்னு அப்பா அவசரச் சட்டம் போட்டுட்டாரு. அதான் இன்னிக்கு நான் ஒரு மாதிரி இருக்கேன்."

"ஜூரிஸ்டிக்‌ஷன்?"

"அதிகார எல்லை... இல்ல, அதிகாரக் கோடு."

"ஆட்சி எல்லை. வாக்கியம்."

"எங்க சூப்பர்வைசரோட ஆட்சி எல்லை பாத்ரூம் கதவு வரைக்கும். உள்ள போய்ட்டா நான் தனி நாடு."

பக்கத்து ஜோடிகள் படிப்பதை விட்டுவிட்டு அவனைக் கேட்கும். "ஏய், சிரிப்பு ஜாஸ்தியாவுது, பேஜார் பண்ணாதீங்க" என்று அஃப்ஷா ஸ்கேலால் பலகையைத் தட்டுவாள். எட்டு மாதத்தில் இப்படித்தான் அவனைத் தெரிந்துகொண்டேன். அவன் அப்பாவுக்குக் கோழிக்கறி ஆகாது, தங்கை பத்தாவதில் கணக்கில் தவறிவிட்டாள், அவனுக்கு மாடியிலிருந்து கீழே பார்த்தால் கால் கூசும். எல்லாம் தப்புகளின் வழியாக வந்தவை.

என்னைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. எட்டு மாதத்தில் நான் ஒரு சொல்லைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. [பெருமைக்காக எழுதவில்லை. அப்போது பெருமையாகத்தான் இருந்தது.]

ஒரு நாள் நான் கேட்ட சொல்லுக்கு விடை இரங்கல் தீர்மானம். சட்டமன்றத்தில் ஒருவர் இறந்தால் கொண்டுவருவார்களே, அது. "துக்க அறிக்கை" என்றான். தப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா போய் இன்னியோட மூணு வருஷம். வீட்ல யாரும் இரங்கல் தீர்மானம் ஒண்ணும் போடல. அவங்கவங்க டிபன் பாக்ஸ எடுத்துக்கினு வேலைக்குப் போய்ட்டோம்."

இங்கே கதைசொல்லி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். "ஐயோ" என்றாள். அவன் கையை — இல்லை. கண் கலங்க — அதுவும் இல்லை. நடந்தது இதுதான்: நான் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, "அடுத்தது, அஃபிடவிட்" என்றேன்.

"பிரமாணப் பத்திரம்" என்று சரியாகச் சொன்னான்.

அவன் தேர்வில் ஜெயித்தான். நான் கணக்கில் நான்கு கேள்வியில் தோற்றேன். தெற்கே கடலோரம் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை அவனுக்கு. கடைசி நாளும் வந்து உட்கார்ந்தான். "ரிலீவிங் ஆர்டர்?" என்று கேட்டேன்.

"போகச் சொல்லும் ஆணை."

"பணிவிடுவிப்பு ஆணை. வாக்கியம்."

"கம்பெனில இன்னிக்கு பணிவிடுவிப்பு ஆணை குடுத்துட்டாங்க மேடம். இங்க நீங்க இன்னும் குடுக்கல."

நான் பட்டியலைப் பார்த்தேன். பத்துச் சொல்லும் முடிந்திருந்தது. "அவ்ளோதான்" என்றேன்.

4

அவன் போன பிறகு ஒரு சனிக்கிழமை மாடியைப் பெருக்கும்போது அஃப்ஷா ஒரு காகிதத்தை நீட்டினாள். விடைக்குறிப்பை வைத்து அவன் தன் தேர்வுத்தாளைத் திருத்திப் பார்த்த காகிதம்.

"தமிழ்ல நூத்துக்குத் தொண்ணூத்தேழு. ஆட்சிச் சொல் ஒண்ணுகூட வுடல பாரு. இங்க தினம் மூணு தப்பு வுட்டவன் அங்க எப்டி கரெக்டா போட்டான்?"

"பரிட்சையில கவனமா எழுதியிருப்பாரு."

"ஷூல ஊசி எறங்குன ஓட்டைய எண்ணுவ நீ. எதிர்ல குந்தினு இருந்த ஆளத் தெரியாது. நல்லா செக்கிங் பண்ணடீ!"

வீட்டுக்கு வந்து டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். எல்லாச் சொல்லுக்கும் நாள் போட்டு, சரிக்கு டிக், தப்புக்குப் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன். இரங்கல் தீர்மானத்துக்கு இரண்டு இடத்தில் குறி இருந்தது. இரண்டாவது, அவன் அம்மாவின் நினைவு நாளில் போட்ட பெருக்கல் குறி. முதலாவது அதற்கு ஆறு நாள் முன்னால். டிக்.

ஒன்றரை வருடம் அந்தப் பக்கத்தை வைத்திருந்தேன். அவன் சொன்ன வாக்கியங்களுக்கு நான் பதில் வாக்கியங்கள் சொல்லவேயில்லை என்பது மட்டும் ஒவ்வொரு நாளும் வளர்ந்துகொண்டே போனது. கம்பெனி வேனில், சாப்பாட்டு மணிக்கு, மேசையில் அடுத்த ஜோடி வருவதற்குள், என் நாளில் நடந்ததை ஒரு ஆட்சிச் சொல்லில் வைத்து அவனிடம் சொல்வதுபோல மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள். சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லாமல் ஒரு சொல் எவ்வளவு நேரம் வாயில் கிடக்க முடியும் என்று அந்த ஒன்றரை வருடத்தில் தெரிந்துகொண்டேன்.

(அடிக்குறிப்பு: போன் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எண் இருக்கிறது. "எப்படி இருக்கீங்க" என்று மூன்று முறை தட்டி மூன்று முறையும் அழித்தேன். உலகத்தில் எல்லாரும் எல்லாருக்கும் அனுப்புவது அது. எங்கள் விதிப்படி அது புத்தக வாக்கியம். செல்லாது.)

இந்த வருடம் நான் தேறினேன். முடிவு வந்த வாரம் அவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பத்துச் சொற்கள், பத்து வாக்கியங்கள். எல்லாம் உண்மை. மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன், மற்ற ஏழும் அவனுக்கு.

விலக்களிப்பு: எல்லாச் சொல்லையும் சரியாகச் சொன்னதால், என்னைப் பற்றிப் பேசுவதிலிருந்து எனக்கு எட்டு மாதம் விலக்களிப்பு கிடைத்தது. அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

காலிப் பணியிடம்: உங்கள் நாற்காலியில் அஃப்ஷா பையை வைக்கிறாள். புதிதாக வந்த ஒருவர் உட்காரப் போனபோது, அந்தக் காலிப் பணியிடம் நிரப்பப்படாது என்று நான் சொல்லிவிட்டேன்.

இரங்கல் தீர்மானம்: உங்கள் அம்மாவுக்கு நேற்று கொண்டுவந்தேன். கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நின்றேன். பின்னால் பதினாறு ஜோடி சேர்ந்துவிட்டது.

வீட்டு முகவரி தெரியாது. அலுவலக முகவரிக்கு அனுப்பினேன். இங்கேதான் நான் தப்பு செய்தேன், அதுவும் சரியாகச் செய்ததால் வந்த தப்பு. அலுவலகத்துக்கு எழுதினால் ஆளின் பெயர் எழுதக் கூடாது, பதவியைத்தான் எழுத வேண்டும் என்று எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆள் மாறினாலும் கடிதம் நிற்கக் கூடாதாம். "பெறுநர்: இளநிலை உதவியாளர்" என்று எழுதினேன். கடிதம் என்றால் பொருள் வேண்டும், பார்வை வேண்டும். "பொருள்: ஆட்சிச் சொற்கள், வாக்கியங்கள் சமர்ப்பித்தல் தொடர்பாக. பார்வை: தங்களது வாய்மொழி வாக்கியங்கள்." கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

5

இருபத்து மூன்று நாள் கழித்துப் பழுப்பு உறை வந்தது. அம்மாதான் வாங்கினாள், அம்மாதான் பிரித்தாள். அம்மாவும் ஷூ கம்பெனியில்தான் வேலை, இருபது வருடமாகத் தையல் மெஷின். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"இன்னாடி, எங்கியோ தெக்கத்திப் பக்கம் மனு போட்டிருக்க? நமக்கு அங்க இன்னா இருக்குது, நெலமா புலமா?"

குறிப்பாணை என்று தலைப்பு. கீழே:

"பார்வையில் காணும் மனுவில் மனுதாரரின் கோரிக்கை தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை. எனவே, கோரிக்கையைத் தெளிவாகக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்குமாறு தெரிவித்து, அசல் மனு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது."

உள்ளே என் கடிதம். என் பத்து வாக்கியங்களுக்கு மேலே குறுக்காக ஊதா முத்திரை, வந்த நாள், எண். தபால் பிரிவில் யாரோ மனு என்று நினைத்துப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். கையெழுத்து வேறு யாரோ மேலதிகாரியுடையது.

"கோரிக்கை தெளிவா இல்லியாமே. தெளிவா எழுதக் கூடாதா? இவ்ளோ படிச்சு இன்னா?" என்றாள் அம்மா.

நான் உறையைத் திருப்பினேன். என் முகவரி பேனாவால் எழுதியிருந்தது. எட்டு மாதம் தினமும் எதிரில் பார்த்த எழுத்து. ஹெ போடும்போது அவன் கொம்பை முதலில் விட்டுவிட்டு அப்புறம் நெருக்கி நுழைப்பான். இதிலும் அப்படியே நெருக்கி நுழைத்திருந்தது.

ஆக, அவன் படித்திருக்கிறான். பத்தையும் படித்துவிட்டு, விதி எப்படிச் சொல்கிறதோ அப்படியே குறிப்பாணை தயாரித்து, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, எண் போட்டு அனுப்பியிருக்கிறான்: கோரிக்கை என்ன என்று சொல்.

[இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. குறும்பாக எழுதினானா, அல்லது அங்கே அவனுக்கு அதுதான் வேலையா? ஒன்றரை வருடத்தில் ஒருவன் மாறியிருக்கலாம். அங்கே வேறு யாரிடமாவது தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். கையெழுத்து மட்டும் மாறாமல் இருக்கலாம்.]

என் கடிதத்தை நான் மறுபடி படித்தேன். பத்து வாக்கியத்திலும் நடந்தது இருக்கிறது. வேண்டும் என்று ஒரு சொல் எங்கேயும் இல்லை. செக்கிங்கில் இருப்பவள் நான். இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க ஒரு வட்டாட்சியர் அலுவலகம் தேவைப்பட்டது. மீண்டும் விண்ணப்பிக்கத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன்.

6

கலந்தாய்வு அழைப்பு அதே வாரம் வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேறியவர்களை மதிப்பெண் வரிசைப்படி சென்னைக்குக் கூப்பிடுவார்கள். எந்த மாவட்டத்தில் எந்த இடம் காலி என்று திரையில் ஓடும். நம் முறை வந்ததும் ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "வேலூர் வாங்கிடு. காலைல ட்ரெயின் புடிச்சா ஒம்போதுக்கெல்லாம் ஆபீஸ். சாயங்காலம் ஏழுக்கு வீடு. ரெண்டு பேரும் ஒண்ணா சாப்டலாம்."

அதனால் முடிவுகளை முன்கூட்டியே எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. அவள் வேலூர் என்கிறாள். அம்மா தெருவெல்லாம் சொல்கிறாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு தட்டு. ஒரு நாள் ஏதோ ஒரு கோப்பில் இரங்கல் தீர்மானம் என்ற சொல் வருகிறது, அவள் பக்கத்தைத் திருப்புகிறாள். இந்த முடிவு தடங்கலில்லாமல் எழுத வந்தது. அதனாலேயே பயமாக இருக்கிறது.

முடிவு ஆ. அவள் கடலோர மாவட்டத்தைச் சொல்கிறாள். பணியில் சேரும் நாள் அந்த அலுவலகப் படியேறுகிறாள். மேசைக்குப் பின்னால் அவன் நிமிர்ந்து, "

அவன் என்ன சொல்வான் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒரு பக்கம் முழுக்க மேற்கோள் குறியைத் திறந்து திறந்து வைத்திருக்கிறேன். இதற்கிடையில் ஆம்பூரில் ஒரு தட்டு மட்டும் எடுத்து வைக்கிற அம்மாவையும் எழுத முடியவில்லை.

முடிவு இ. அவள் முறை வருவதற்குள் இரண்டு இடங்களில் ஒன்று தீர்ந்துவிடுகிறது. முன்னால் நிற்கிற யாரோ அவளுக்காக முடிவெடுத்துவிடுகிறார். அஃப்ஷாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "இது கோழை முடிவுடீ. கிழி" என்றாள். கிழிக்கவில்லை, அடித்தேன்.

7

காலையில் ரயிலில் உட்கார்ந்து இந்தப் பகுதியை எழுதத் தொடங்கினேன். அம்மா ஜன்னலோரம். அரக்கோணம் தாண்டியது. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அந்தப் பையனுக்கு அம்மா இல்லியாமே."

என் பேனா நின்றது. குறிப்பாணையோடு வந்த கடிதத்தை அவள் படிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

"இல்லம்மா" என்றேன்.

"ம்." ஒரு ஸ்டேஷன் போனது. "நீ ரெண்டு நிமிசம் நின்னியாக்கும், ஷூவக் கீழ வெச்சுட்டு."

"ஆமா."

"சூப்பர்வைசர் திட்டலயா?"

"திட்டுனாரு."

அவள் முந்தானையால் ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். அதில் ஒன்றும் இல்லை. "வேலூர்னே சொல்லு" என்றாள். அப்புறம், நான் பதில் சொல்வதற்குள், "எதச் சொன்னாலும் முணுமுணுன்னு சொல்லாத. வாயத் தொறந்து சொல்லு" என்றாள்.

8

முடிந்துவிட்டது.

என் முறை வந்தபோது திரையில் இரண்டு இடங்களும் இருந்தன. வேலூரில் மூன்று காலியிடம், அந்தக் கடலோர மாவட்டத்தில் ஒன்று. யாரும் எனக்காக எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி, "சொல்லுங்கம்மா, எந்த மாவட்டம்?" என்றார். சொன்னேன். ஒரே தடவைதான் சொன்னேன், அவர் திரும்பக் கேட்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள், அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. "அப்புறம் மாத்த முடியாது" என்றார். "தெரியும் மேடம்" என்றேன்.

ஆணை பையில் இருக்கிறது. இதை மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே வாசலில் அம்மா நிற்கிறாள். உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கி வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். என்னை இன்னும் பார்க்கவில்லை.

எந்த ஊர் என்று இப்போதே எழுதிவிட்டால் கதை முடிந்துவிடும். ஆனால் அம்மாவுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்வது முறையில்லை. நீங்கள் அவளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இங்கிருந்து வாசலுக்கு இருபத்திரண்டு படி. டைரியை மூடிவிட்டு எழுந்திருக்கப்போகிறேன். நான் இறங்கி முடிப்பதற்குள் நீங்களும் ஒரு ஊரைச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் வேண்டாம், வாயைத் திறந்து.